எட்டா, ஒன்பதா

முடி எண்ணுவது என் வேலை.
தேளின் இடுக்கிக்கையைப் புரட்டினால்
ஒரு கணுவின் அடியில் வரிசையாக நிற்கும்;
காற்று நகர்வதைக் கேட்கிற முடிகள்.
உதிர்ந்திருந்தாலும் பாதகமில்லை,
குழி இருக்கும், குழியை எண்ணலாம்.
ஏழென்றால் ஓர் இனம்.
ஒன்பதென்றால் வேறு.
எட்டு வந்தால்
அன்று மதியச் சாப்பாடு ஆறிப்போகும்.

லுப்லியானாவில், அருங்காட்சியகத்தின் நிலவறையில்
இந்தக் குப்பிக்கு என்னைவிட வயது அதிகம்.
உள்ளே விரல்நுனி நீளத்தில் பதினோரு தேள்கள்,
தேநீர் நிறம்.
கழுத்தில் மூன்று சீட்டுகள், ஒரே நூலில்:
கார்ஃப்ரைட் என்று கூர்மூக்குப் பேனாவில்,
கபொரெட்டோ என்று ஊதா மையில்,
கோபரித் என்று தட்டச்சில்.
ஊர் ஒன்றுதான். சாராயம் மட்டும்
இருமுறை மாற்றியிருக்கிறார்கள்.

தேளுக்கு மணியம் கொடுத்தால்
நாழிகைக்கு நாழிகை கொட்டுமாம்.
இதற்கு யாரும் மணியம் கொடுக்கவில்லை.
மணியக்காரர்கள்தாம் வந்து வந்து
பெயரைக் கொட்டிவிட்டுப் போனார்கள்.

போன செப்டம்பரில் நேரிலேயே போனேன்.
ஸ்தாங்கோ குரின்சிச்சின் ஆட்டுப்பட்டிச் சுவர்,
சாந்து பூசாத கல்லடுக்கு.
புற ஊதா விளக்கைக் காட்டியதும்
இடுக்குக்கு இடுக்கு பச்சை நெருப்பு.
எழுபது வருடமாக இந்தச் சுவரில் சாய்ந்தே
மூத்திரம் பெய்தவர்
இரண்டடி பின்னால் போனார்.

"கொட்டுமா?"
கொட்டும், குளவி அளவுக்குக்கூட வலிக்காது.
"பெயர்?"
புது இனமாக இருக்கலாம் என்றேன்.
"நேற்றுவரை என்னவாக இருந்தது?"
வேறொன்றின் துணையினம்.
விளக்கை வாங்கித் தன் கை நகத்தில் அடித்துப் பார்த்தார்.
"எங்கள் தெருவும் அப்படித்தான்" என்றார்.
பிறகு ஆடுகளுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

கட்டுரை அனுப்பினேன்.
ட்ரியெஸ்டேயிலிருந்து ஃபுல்வியா பதில் போட்டாள்,
எப்போதும்போல் மரியாதையாக, எப்போதும்போல் இல்லையென்று:
பதினொன்றை வைத்து எல்லை போடாதே,
மலைக்கு இந்தப் பக்கமும் எட்டு கிடைக்கிறது.

இன்றைக்குப் பன்னிரண்டாவதை எடுத்தேன்,
ஸ்தாங்கோவின் சுவரில் பிடித்த பெண் தேள்.
முதுகில் குட்டிகள், அரிசிக் குருணைபோல்.
அதனால் குப்பியில் போடவில்லை,
மயக்கவும் இல்லை,
கண்ணாடித் தட்டுக்கு அடியிலிருந்து எண்ணினேன்.
இடக்கையில் எட்டு.
வலக்கையில் ஒன்பது.

மூன்றுமுறை எண்ணியாயிற்று.
ஃபுல்வியாவுக்கு இன்னும் எழுதவில்லை.
ஈரப் பஞ்சு வைத்திருக்கிறேன்.
குட்டிகள் இறங்கட்டும்.