கூழ்குடியன், ஒன்று, அவசரம்

எங்கட வாட்டில் சேலைன் கம்பிக்குப் பெயர் நெட்டையர்.
சில்லுக் கிறீச்சிடும் மருந்து வண்டி யாழ்தேவி:
வரும், எப்ப எண்டு மட்டும் கேட்கப்படாது.
பிறசர் பட்டி சீதனக்காரன்.
கையைப் பிடித்த கையோடு இறுக்கத் தொடங்கும்.

ஈசிஜி கவ்விகள் நண்டு.
இரவு ரண்டு மணிக்கு மெற்றில்டா
"நண்டைக் கொண்டா, நாலும் வேணும்" எண்டு கத்த
குருநகர் ஐயா போர்வையை விலக்கிச் சொன்னார்:
"பிள்ளை, எனக்கு நண்டு ஒத்துவராது."

சளி உறிஞ்சும் மெசின்தான் கூழ்குடியன்.
அது குடிக்கிற சத்தம் கேட்டவர்
ஒடியற்கூழ் பக்கம் திரும்ப
ஒரு கிழமையாவது செல்லும்.

போன வியாழன் அது மூச்சை விட்டது.
விடியப்புறம் மூன்றரை, அரைத்தூக்கம்.
களஞ்சியத்துக்கு நான் அனுப்பின படிவத்தில்
பொருளின் பெயர்: கூழ்குடியன்.
எண்ணிக்கை: ஒன்று. அவசரம்.
முத்திரையும் குத்தியிருக்கிறன்.

எட்டு மணிக்குத்தான் உறைத்தது.
மேற்றன் கண்ணில் பட முன்னம்
படியிறங்கி ஓடினேன்.

களஞ்சியம் தேவசகாயம்
சிரித்ததை ஒருவரும் கண்டதில்லை.
மெசினைத் துடைத்து, வயரைச் சுற்றி
வாசலில் வைத்திருந்தார்.

"எப்பிடி விளங்கினது?"

"ஆனியில அப்பர் உங்கட பதினோராம் கட்டில்ல.
குழாய் விட முன்னம் நீர்தான் சொன்னனீர்,
கூழ்குடியன் வாறான், கொஞ்சம் மிச்சம் பிடியுங்கோ எண்டு.
அவர் சிரிச்சது அதுதான் கடைசி."

பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்.
கூழ்குடியன், ஒன்று, வழங்கப்பட்டது.
ஒப்பம் வைத்தேன்.

பேனையைத் திருப்பிக் கேட்டார்.