கை எண் ஏழு

மாதத்தின் முதல் திங்கள்
ஏணியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு
லியாங் தானெட்டே குகைக்கு ஏறுகிறேன்.
அரசாங்கம் எனக்குத் தந்திருக்கும் வேலை
உதிர்வதை அளப்பது.

பதினோரு கைகள். ஒரு பன்றி.
பன்றிக்குப் பின்பாதிதான் மிச்சம்.
முகம், நான் வேலைக்குச் சேர்ந்த வருடம்
உப்புப் பூத்து விழுந்தது.
பையில் அள்ளி, எண் போட்டு
மக்காஸாருக்கு அனுப்பினேன்:
செம்பொடி, நாற்பது கிராம்.

கைகள் வேறு மாதிரி.
பாறையில் கையை வைத்துக்கொண்டு
காவியை வாயில் குதப்பி ஊதியிருக்கிறார்கள்.
விரல் இருந்த இடம் வெறும் பாறை,
விரல் இல்லாத இடமெல்லாம் சிவப்பு.
கையை எடுத்த பிறகுதான்
கை தெரிந்திருக்கும்.

ஏழாவது சின்னது.
என் உள்ளங்கைக்குள் அடங்கும்
(தொடக்கூடாது, கண்ணால் அளந்தது).
ஆனால் இருப்பதோ சாய்ந்த கூரையில்,
தரையிலிருந்து ஆறரை அடி.
யாரோ தூக்கிப் பிடித்திருக்க வேண்டும்.
இன்னொருவர் அண்ணாந்து ஊதியிருக்க வேண்டும்.
அன்றைக்கு வேட்டை கிடைத்ததோ,
மழை விடாமல் பெய்து
வெளியே போக முடியவில்லையோ,
தெரியாது.

மற்றக் கைகளைச் சுற்றி
நிறம் புகைபோல் படிந்திருக்கிறது.
இதைச் சுற்றி மட்டும் தெறித்து, திட்டுத் திட்டாக,
கட்டைவிரல் இரண்டாகத் தெரிகிறது.
"கை அசைந்திருக்கிறது" என்று
டாக்டர் ஹெர்லினா குறித்துக்கொண்டார்.
நான் இரண்டு பெற்றவள்.
வாய் நிறையத் தண்ணீரோடு
குழந்தை முன்னால் நின்றிருக்கிறேன்.
அது ஒரு பார்வை பார்க்கும்.
பிறகு நம் வாய் நம் பேச்சைக் கேட்காது.
பாதிக் காவி
ஊதியவர் முகத்திலேயே விழுந்திருக்கும்.

பதினொன்றரைக்குச் சங்கு.
அடுத்த மலையில் வெடி வைப்பார்கள், சிமெண்ட்டுக்கு.
அந்தச் சரிவில் எங்களுக்கும் அரை ஏக்கர் இருந்தது.
விற்ற பத்திரத்தில்
மாப்பியாரே கைநாட்டு வைத்தான்.
கையெழுத்துப் போடத் தெரிந்தவன்தான்.
பேனாவை வாங்கவில்லை, விரலை நீட்டினான்.
நீல மை ஒரு வாரம் போகவில்லை.
மீன் ஆயும்போதும் சோறு பிசையும்போதும்
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்தப் பணத்தில் வீடு கட்டினோம்,
அதே சிமெண்ட்டில்.

வெடித்த பின் நூறு வரை எண்ணச் சொல்லியிருக்கிறார்கள்.
எண்பதிலேயே டார்ச்சைப் போடுகிறேன்.
ஒளிக்கற்றைக்குள் தூசி
இறங்க மனமில்லாமல் நிற்கிறது.

படிவத்தில் எழுதுகிறேன்:
கை எண் ஏழு. சுண்டுவிரல் நுனி.
உதிர்வு, அரிசி அளவு.
காரணம் என்ற கட்டத்தில்
போன மாதம் போலவே
ஈரப்பதம்.