நாற்பத்து மூன்று விழுக்காடு

கொருக்குப்பேட்டை கேட் விழுந்து பன்னிரண்டு நிமிடம்.
ஷேர் ஆட்டோவில் இடுங்கி உட்கார்ந்து
போனில் தேசராணியின் அறிக்கையைத் திறந்தேன்.
நாற்பத்து மூன்று.
சிவப்பு.

இருபதைத் தாண்டக் கூடாதென்று சுற்றறிக்கை.
ரயில் இன்னும் வரவில்லை.
அதற்குள் தீர்ப்பெழுதி அனுப்பியும் விட்டேன்:
‘காப்பி. மறுபடி எழுதவும்.’
பிறகு வந்தது எண்ணெய் டாங்கர் ரயில்.
எண்ண ஆரம்பித்து பாதியில் விட்டேன்.

ராத்திரி, தட்டைக்கூடக் கழுவாமல்
மறுபடி பார்த்தேன்.
நிறம் பூசிய முதல் வரி, கல்லூரியின் பெயர்.
அடுத்தது நான் கேட்ட கேள்வி:
‘உமது வட்டாரச் சிறுதொழில் ஒன்றை விவரிக்க.’
அறுபத்திரண்டு பேரும் அதை
என்னிடமிருந்துதான் எடுத்தார்கள்.
நூற்பட்டியல் முழுக்க மஞ்சள்.
யாரிடம் கடன் வாங்கினேன் என்று
சொன்னதும் கடனில் சேர்ந்துவிட்டது.
ஆறு இடத்தில் ‘என்பது குறிப்பிடத்தக்கது.’
அது யார் வீட்டுச் சொத்து?
என் ஆய்வேடே அதில்தான் முடிகிறது.

ஆனால் நடுவில் இரண்டு பக்கம்
ஒரு வரி விடாமல் சிவப்பு:
காசிமேட்டில் ஐஸ் பார் உடைக்கிற இடம்,
மூணு மணி விலை எட்டு மணிக்கு இறங்குவது,
உருகிப்போனதை யார் கணக்கில் எழுதுவது என்று
போட்டுக்காரருக்கும் ஏலக்காரம்மாவுக்கும் நடக்கும் சண்டை.
மூலம்: ‘மாணவர் தாள், இதே கல்லூரி.’
பெயர் காட்டாது. இரண்டு வருஷம் முந்தைய தேதி.

சீனியர் யாருக்கோ இருநூறு ரூபாய்
கொடுத்திருப்பாள் என்று நினைத்தேன்.
நினைத்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில்
இம்ரோஸ் பழைய பதிவேட்டில் விரல் ஓட்டி
ஓரிடத்தில் நிறுத்தினார்.
பெ. தேசராணி. முதலாம் ஆண்டு.
வருகைக் குறைவு. தேர்வெழுத அனுமதியில்லை.

“அப்பா போட்ல அடிபட்ட வருஷம் சார்.
திரும்ப சேந்தப்போ அதையே குடுத்தேன்.
நான் எழுதினதுதான, என்னாத்துக்கு மாத்தணும்?”

நியாயம்தான். ஆனாலும் ஒன்று பாக்கி.
‘நடைமுறை மூலதனம் என்பது யாதெனில்’ என்று
தொடங்கும் பத்தி, ஆறு விழுக்காடு,
எங்கிருந்தோ மேற்கோள்குறி இல்லாமல்
தூக்கி வைத்தது. அதைக் காட்டினேன்.
“அது எனக்குப் புரியல சார்.
அதான் அப்டியே வெச்சிட்டேன்.”

அஞ்சாம் பக்கத்தைத் திருப்பினேன்.
அவள் அம்மா விடியலில் ஐஸை அறிமுகக் கடனில் எடுத்து
மீன் விற்றபின் மதியம் அடைத்து
மறுநாளுக்கு நூறு ரூபாய் முடிந்து வைப்பது.
நிறமே இல்லை, வெறும் வெள்ளை.
“இதான் அது” என்றேன்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தாள்.

கிப்சன் தாளுக்குச் சுழியம். பச்சை.
வகுப்பிலேயே சுத்தமான தாள்.
படித்தால், ‘பணமேடு’ மீன்பிடித் துறைமுகம் என்று இருக்கிறது.
காசிமேட்டை எந்தச் செயலியோ மொழிபெயர்த்திருக்கிறது.
கல்மண்டபம், ‘பாறைக்கூடம்.’
பாறைக்கூடத்துக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டேன்.
தலையைக் குனிந்து சிரித்தான்; நானும் சிரித்துவிட்டேன்.
பிறகு அவனுக்குத்தான் எழுதினேன்,
‘மறுபடி எழுதவும்.’

துறைக்கு அனுப்பும் படிவத்தில்
ஒரு மாணவருக்கு ஒரு கட்டம்.
இரண்டு இலக்கம்தான் பிடிக்கும்.
மூன்று வரி விளக்கம் தட்டினேன்,
கட்டம் ‘மூ’வைக்கூட ஏற்கவில்லை.
தனியாக ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்;
யார் படிப்பார்களோ.

போகும்போது தேசராணி கதவருகே நின்றாள்.
“அந்த ஆறு பர்சன்ட்ட மட்டும் மாத்தி
மறுபடி போடறேன் சார். ஆனா
இந்தத் தாளும் இப்ப அதுக்குள்ள இருக்குமே,
அடுத்த வாட்டி எவ்ளோ காட்டும்?”

மணலிப் பக்கமிருந்து எரிவாயு நாற்றம்.
ஜன்னலைச் சாத்தினேன்.
எனக்குத் தெரியவில்லை.