ஐந்தாவது குறி

ஏட்டை எழுதியவன் நான்.
அயோவாவின் வடக்கே, சோளக் கொல்லைகளுக்கு நடுவே
தானியக் கோபுரம் மட்டும் தூரத்திலிருந்து தெரிகிற ஊர்.
அதன் பள்ளி அரங்கில், மணிப்பெட்டிக்குப் பக்கத்தில்
முப்பத்தோரு குளிர்காலம்
மூன்று பென்சில்களோடு உட்கார்ந்திருந்தேன்.

அன்று பெண்கள் கூடைப்பந்தில் அணிக்கு ஆறு பேர்.
மூவர் போடுவார்கள். மூவர் தடுப்பார்கள்.
நடுவில் கறுப்புக் கோடு.
பந்தை இரண்டு முறை தட்டலாம்,
மூன்றாவதற்கு விசில்.

வெர்லா யான்சன் தடுப்பவள்.
கிழித்த கோட்டைத் தாண்டாதவள் என்று
எவளைப் பற்றிச் சொல்லக் கேட்டாலும்
எனக்கு வெர்லாவின் ஷூ நுனிதான் ஞாபகம் வரும்,
கோட்டுக்கு ஒரு விரற்கடை இப்பால்
கிறீச்சிட்டு நிற்கும் அந்த நுனி.

எண்பத்து மூன்று ஆட்டம்.
அவள் வரிசையில் புள்ளி எழுதும் கட்டத்தில்
என் பென்சில் ஒருமுறையும் இறங்கியதில்லை.
ஃபவுல் கட்டத்தில் மட்டும் குறிகள்:
மூன்று, நான்கு, நான்கு, இரண்டு, நான்கு.
ஐந்து விழுந்தால் வெளியே போக வேண்டும்.
ஐந்து விழவே இல்லை.

ஒருமுறை முழங்கை பட்டு உதடு கிழிந்தது.
அந்த ஃபவுலுக்கான ஃப்ரீ த்ரோவை
அந்தப் பக்கம் டோர்லா போட்டாள், சட்டம் அப்படி.
ரத்தத்தை விழுங்கிக்கொண்டு இந்தப் பக்கமிருந்து
வெர்லா கை தட்டினாள்.

இருபத்தாறு வயதில் பயிற்சியாளராக வந்தாள்.
பையன்களின் கோச் வாங்கியதில் பாதிச் சம்பளம்;
மீதிக்கு டைப்ரைட்டிங் வகுப்பு எடுக்கச் சொன்னார்கள்.
மூன்றாம் வருடம் மாநிலப் போட்டி வரை போய்
ஒரு புள்ளியில் தோற்றோம்.
பனியில் நாலு மணி நேரம் பஸ்.
யாரும் வாய் திறக்கவில்லை.
எங்கள் தண்ணீர்த் தொட்டியின் விளக்கு தெரிந்தபோது
முன் சீட்டிலிருந்து அவள் குரல்:
"யாருக்கெல்லாம் பசிக்குது?"

பிறகு அந்தக் கூட்டம்.
கோட்டை எடுத்துவிடலாம், எல்லோரும் எங்கும் ஓடலாம்,
அணிக்கு ஐந்து பேர், பையன்களைப் போல.
முதல் கை அவளுடையதாக இருக்கும் என்று நினைத்தோம்.
எழுந்து நின்றாள்.
"ஆறாவது பெண் யார்? பெயரைச் சொல்லுங்கள்.
நான் போய் அவளிடம் சொல்ல வேண்டுமில்லையா."
யாரோ பின்னாலிருந்து,
"தாண்டியே பார்க்காதவளுக்கு என்ன தெரியும்?"
சிரிப்பு.
நான் சிரிக்கவில்லை. ஆனால் ஐந்துக்குத்தான் கை தூக்கினேன்,
அவள் பார்த்தாள்.

அந்த வருடம் மூன்று வெற்றி, பதினெட்டுத் தோல்வி.
பெண்கள் ஓடிவந்து நடுக்கோட்டில் தயங்கினார்கள்.
"போ, போ, போடி!" என்று ஓரத்தில் கூடவே ஓடுவாள்;
கோட்டுக்கு நேராக வந்ததும்
அவள் ஷூவும் தானாகவே நிற்கும்.

கையுறையை மறந்துவிட்டு ஒரு ராத்திரி அரங்குக்குத் திரும்பினேன்.
ஒரே ஒரு விளக்கு.
நாற்பத்தோரு வயதுக்காரி பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்,
வாய்விட்டு எண்ணிக்கொண்டு:
ஒன்று, இரண்டு —
அங்கே பந்து கைக்குள் போய்விடும்.
மறுபடியும் முதலிலிருந்து.
ஒன்று, இரண்டு, மூ...
கையுறையை எடுக்காமலே வந்துவிட்டேன்.
வீடு சேரும்போது விரல்கள் மரத்திருந்தன.

ஐந்து வருடம் கழித்து முழங்கால் விடைகொடுத்தது.
கடைசி நாள் தலைமையாசிரியர் ஹைக்கன்
அவள் கையில் பந்தைக் கொடுத்தார்.
"ஒன்று போடுங்கள் வெர்லா. ஏட்டில் ஏற்றிவிடலாம்.
பழைய கணக்கு நேராகட்டும்."
கேமராக்காரன் மண்டியிட்டான்.

வெர்லா கூடையைப் பார்க்கவில்லை.
என் மேசைப் பக்கம் திரும்பி,
"கடைசி ஆட்டத்தில் எனக்கு எத்தனை ஃபவுல்?"
பார்க்காமலே சொன்னேன்: "நான்கு."
"அப்ப ஒன்று பாக்கி."
ஹைக்கனை இடுப்பால் ஓர் இடி.
மனிதர் கேமராக்காரன் மேல் போய் விழுந்தார்.

பந்தை என் ஏட்டின் மேல் வைத்துவிட்டு
கதவைப் பார்த்து நொண்டி நடந்தாள்,
நடுக்கோட்டின் வழியே அல்ல, அதன் மேலேயே,
குறுக்காக.

பந்து உருண்டு விழுந்தது. நான் குனியவில்லை.
பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன்.