பதினோரு நிமிடம்

வார்டோவில் சூரியன் போய் இருபது நாள்.
மடிக்கணினிக்குள்
டக், டக்கென்று நகம் கடிக்கிறது ஏதோ.

ஹார்ட் டிஸ்க் அவ்வளவுதான் என்றான் ஐலர்ட்,
மீன் ஏலக்கூடத் தராசுகளைப் பழுதுபார்ப்பவன்.
வேண்டுமானால் ஓர் இரவு குளிரில் வைத்துப் பார்.

பாலித்தீன் உறையில் சுற்றி
ஃப்ரீசரில், காட் மீன் துண்டங்களுக்கு நடுவே வைத்தாள்.
வெளியே இதைவிடக் குளிர்.
சுன்னிவாவுக்குச் சிரிப்பு வந்தது.

கடிகாரம் காலை என்று சொன்னபோது
சுழன்றது.
எட்டு வருடக் கிட்டிவேக் பறவைக் கணக்கு,
பாறை பாறையாய், கூடு கூடாய்.
அதற்காகத்தான் உட்கார்ந்தாள்.
கை முதலில் போனதோ
மின்கட்டண ரசீதுகளுக்கு.
பிறகு ஒரு படம்:
பனியில் யாருடையதோ ஒற்றைக் கையுறை.
பிறகுதான் பறவைகள்.
ஒரே ஒரு வருடம் ஏறி முடிந்தது.
டக்.

புது டிஸ்க். லினக்ஸ் ஏறுகிறது.
எந்த மொழி?
எந்த ஊர் நேரம்?
உன் பெயர் என்ன?
ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறாள்,
எல்லையில் நிறுத்தப்பட்டவள் போல.

துடைத்த திரை.
ஓரத்தில் குப்பைத்தொட்டி.
திறந்து பார்த்தாள்.
மோர்டனுக்கு எழுதி
அனுப்பாமல் அழித்த ஏழு கடிதங்கள்
அதிலும் இல்லை.