கோடு

டுலூத்தில் மார்ச் இரண்டாம் வாரம்.
ஏரி இன்னும் கட்டியாகத்தான் கிடக்கிறது.
பெல்ட் மாற்றி மூன்று நாள்.
வண்டி ஓடுகிறது,
ஓடவில்லை என்று சொல்ல முடியாது.

சிக்னலில் நின்றால் நடுக்கம்.
ஏரியிலிருந்து மேலேறும் தெருவில்
மிதிக்க மிதிக்க
யோசித்துச் சொல்கிறேன் என்கிறது.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
இதற்குப் பல் போகவில்லை,
ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிட்டது.
அது பின்னால் தெரிந்தது.

மினியாபொலிசிலிருந்து மாதேஸ்வரன்:
"கோடு என்ன காட்டுது?"
கேம் சென்சார்.
"அப்ப சென்சாரை மாத்து."
மாற்றினேன். அறுபத்தெட்டு டாலர்.
புதியதும் வார்த்தை பிசகாமல் அதையே சொன்னது.
உண்மை பேசிய சாட்சியை
வேலையைவிட்டு நீக்கியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு டோய்வோ
கம்ப்ரெஷன் கேஜ் தந்தார்,
ஞாயிறு சாயங்காலம் திரும்ப வேண்டும்
என்பதைத் தவிர வேறொன்றும் பேசாமல்.
ஒன்று, நூற்று எழுபத்தெட்டு.
மூன்று, நூற்று எழுபத்தைந்து.
இரண்டு, நூற்று முப்பது.
நான்கு, அதற்கும் இரண்டு குறைவு.

ஆஸ்பத்திரி லேபில் எனக்கு எண்கள்தான் பிழைப்பு.
ஒருவருக்கு மட்டும் வயிறு கலங்கினால்
அது அவர் வயிறு.
ஒரே பந்தியில் இருந்த இருவருக்கும் கலங்கினால்
சாம்பாரைப் பார்க்க வேண்டும்.
இரண்டும் நான்கும் இடப்பக்கத்துப் பந்தி.

மறுபடி ஃபேன், மறுபடி புல்லி,
மறுபடி மூடிகள், அதே பத்து விரல்கள்.
கிராங்க் சக்கரத்தில் ஓர் அம்புக்குறி,
கல்யாண மண்டப வாசலில்போல்
வா வா என்று அழைக்கும். அது வேறு வேலைக்கு.
வேண்டியது பின்விளிம்பில்
நகத்தால் கீறியதுபோல் ஒரு கோடு.
அது உச்சிக்கு வந்தால்
நான்கு பிஸ்டனும் பாதிக் கிணற்றில் நிற்கும்,
மேலே எவரும் இல்லை, அடியிலும் இல்லை,
வால்வை முட்ட யாருமில்லாத நேரம்.

வலது கேம் நேர்.
இடது கேம்,
தலையை இப்படிச் சாய்த்தால் நேர்,
அப்படிச் சாய்த்தால் இல்லை.
பெல்ட்டில் அச்சடித்த வெள்ளைக் கோடுகள்
எங்கோ ஊர்சுற்றப் போயிருந்தன.
மாட்டும் நாளோடு அவற்றின் பேச்சு முடிந்தது.

தானம் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இது தவணையில் வந்தது.
கிராங்க் கோட்டிலிருந்து இடது கேம் கோடுவரை
பல்குத்தும் குச்சியால் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.
நாற்பத்து நான்கு வேண்டும்.
நாற்பத்து மூன்று.
நெற்றியைத் துடைத்து மறுபடி எண்ணினேன்.
நாற்பத்து மூன்று.

சனிக்கிழமை நினைவுக்கு வந்தது.
டென்ஷனர் பின்னை உருவும் நேரம்
பையில் போன் அடித்தது.
கேமைப் பிடித்திருந்த கையை எடுத்தேன்.
டக்.
கேட்டது. கேட்காததுபோல் இருந்தேன்.
பல் டாக்டர் ஆபீஸ்,
செவ்வாய்க்கிழமை மறந்துவிடாதீர்கள் என்றது.
பிறகு கையாலேயே இரண்டு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும்.
குளிர். அரைச் சுற்றில் விட்டேன்.

டென்ஷனரை வைஸில் வைத்து
மயிரளவு மயிரளவாய் நெருக்கி
பின் நுழைய ஒரு மணி நேரம்.
போனை வீட்டுக்குள் அரிசி டப்பாமேல் வைத்துவிட்டு வந்தேன்.
உருவினேன். டக் இல்லை.
இரண்டு முழுச் சுற்று.
எண்ணினேன்.

கேஜை ஐந்தரைக்குக் கொடுத்தேன்.
டோய்வோ முனையைத் துடைத்துப் பார்த்தார், தலையாட்டினார்.

இரவு மாதேஸ்வரன்:
"பாத்தியா, சென்சார் மாத்துனதும் சரியாயிருச்சு."
பழைய சென்சார்
முன்சீட்டு டப்பாவில் இருக்கிறது,
ஒரு குற்றமும் செய்யாமல்.
ம் என்றேன்.