திரும்பும் நேரம்

கெஃப்லாவிக்கிலிருந்து நியூயார்க்:
நாலாயிரத்து நூற்று அறுபது கிலோமீட்டர்.
போக ஆறு மணி நேரம், வர ஐந்து.
தூரம் அதேதான், காற்று செய்கிற வேலை என்று
பறப்புத் தாளை நீட்டுகிறார் விமானி ஆர்ந்தோர்.
போகிறவரை மார்பில் கைவைத்துத் தடுக்கும் காற்று
வருகிறவரை முதுகில் தட்டி அனுப்புமாம்.

தாளின் அடியில் சரக்கு விவரம்:
குதிரைகள் இருபத்தெட்டு. உடன் செல்வோர் ஒருவர்.
ஒருவர் என்றால் நான், தோர்தீஸ்.
விமானி அறைக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலி,
சட்டைப்பையில் மீன் கருவாடு,
கையில் தோலுறை.

மாலை ஐந்துக்குக் கிளம்பினோம்.
அங்கே இறங்கும்போது கடிகாரம் ஆறு காட்டும்.
ஐந்து மணி நேரத்தை யாரோ மடித்து
உள்பையில் போட்டுக்கொள்கிறார்கள்.
குதிரைக்கு அப்படி மடிக்கத் தெரியாது.
ஆறு மணி நேரத்தையும்
நாலு காலில் நின்றே கழிக்கும்.

கிரீன்லாந்துக்கு மேலே
விமானம் ஒருமுறை குலுங்கியது.
இருபத்தெட்டு உடம்புகளும் ஒரே நொடியில் எடை மாற்றின.
"யார் அது பின்னால் நடனம் ஆடுவது?" என்றார் ஆர்ந்தோர்.
மூன்றாம் பெட்டியில்,
எலிச்சாம்பல் நிறத்தில் நடுமுதுகில் கறுப்புக் கோடோடு,
ஸ்கீமா.
இடம் இல்லாத இடத்தில்
கால்களை ஒவ்வொன்றாய்த் தூக்கி வைத்தாள்,
எங்கள் ஊர்க் குதிரைகளுக்கே வாய்த்த
அந்த ஐந்தாம் நடையில்.
அவள் மேலே உட்கார்ந்து
ஒரு துளி சிந்தாமல் காப்பி குடித்திருக்கிறேன்.

விற்றது நான்தான்.
வைக்கோல் கட்டும் இயந்திரத்தின் கடைசித் தவணை.
இதைச் சொல்லிவிடுகிறேன்,
இல்லாவிட்டால் இந்தக் கவிதை
சட்டத்தின் மேல் பழிபோட்டுத் தப்பித்துவிடும்.

சட்டம் இதுதான்:
தீவை விட்டுப் போன குதிரை திரும்பக் கூடாது.
போட்டிக்குப் போய்க் கோப்பை வாங்கினாலும்,
வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்டாலும் கூடாது.
மூச்சில் அயலூர் நோய் ஒட்டியிருக்கும்.
ஆயிரம் வருடமாய் எங்கள் மந்தை
வெளியே தும்மிய எதையும் அறியாது.

நியூயார்க்கில் விளக்கு வெளிச்சத்தில் மழை.
வாளித் தண்ணீரை மோந்தாள், குடிக்கவில்லை.
வெர்மாண்டிலிருந்து வந்த பெண் நல்லவள்,
பெயரைச் சரியாய்ச் சொல்லப் பழகி வந்திருந்தாள்.
"ஸ்கீமா, ஸ்கீமா."
மங்கிய வெளிச்சம் என்று அர்த்தம் சொன்னேன்.
காதுகள் என் பக்கம் ஒன்று,
அவள் பக்கம் ஒன்று.

பழைய தோலுறைக்கும் அனுமதி இல்லை எங்கள் ஊரில்.
கழற்றிக் குப்பையில் போட்டேன்.
மணிக்கட்டு வரை இருமுறை
சோப்புப் போட்டுக் கழுவினேன்.
விதிப்படி.

திரும்பும் தாளில்:
குதிரைகள் பூஜ்யம். உடன் செல்வோர் ஒருவர்.
யாருடன் என்று அதில் இல்லை.

காற்று முதுகில் தட்டித் தட்டி அனுப்பியது.
"நாலு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்!"
ஆர்ந்தோருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.
காலிப் பெட்டிகள்
வழி முழுக்கக் கடகடத்தன.
நான் கருவாட்டைப் பிய்த்துத் தின்றேன்,
விரல்களில் சோப்பு வாசம்.